ஒரு சட்டிச் சமையலின் வரலாறு

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபொழுது யாம் சற்றே தயங்கினோம். கங்கை கொண்ட சோழனைப் பற்றியும், கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானைப் பற்றியும் முந்தைய மலர்களில் கற்றறிந்தோர் எழுதிவிட்டனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எமக்கு அரசர்களின் வரலாறு அத்துணைத் தெரியாது. ஆயினும், நம் காலனி வீடுகள் ஒவ்வொன்றிலும் நாள்தோறும் மாலையில் நிகழும் ஒரு வரலாறு உண்டு. அஃது அடுப்பின் வரலாறு. அதைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

துணிந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு விழாவில் மாலை ஆறு மணிக்கு இறைவணக்கம் பாடியபோது, மகளிர்க்கென இட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. நாடகம் முடியும் தறுவாயிலேதான் அவை நிறைந்தன. சோறு, குழம்பு, பொரியல், இரசம் என நான்கு பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் வரவேண்டியிருந்தது. பின்னர் நடந்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அலுவலகம் செல்லும் இளம் மருமகள் ஒருத்தி எழுந்து, "வேலை நாட்களில் இரவுக்கு நான் கறியும் காயும் ஒரே சட்டியில் போட்டு இறக்கிவிடுகிறேன், அதனால்தான் நேரத்துக்கு வர முடிந்தது" என்றாள். முதியவர் ஒருவர் புன்னகைத்து, "அது சமையலா அம்மா? தமிழ் வீட்டுச் சாப்பாடு என்று அதைச் சொல்லலாமா?" என்று கேட்டார். அவள் தலைகுனிந்து அமர்ந்துவிட்டாள். யாமும் அன்று வாளாவிருந்தோம். அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று எழுதுகிறோம்.

புலால் உண்ணாத அன்பர்கள் இக்கட்டுரையைப் பொறுத்தருள வேண்டும். இறைச்சி என்று வருமிடத்தில் கொண்டைக்கடலையையோ மொச்சையையோ கருதிக்கொள்ளின், கூறவரும் கருத்துக்குக் குறைவு வாராது.

கறி என்னும் ஒரு சொல்

தமிழில் "கறி" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். சங்க நூல்களில் அச்சொல் மிளகைக் குறித்தது. பின்னர் மிளகிட்டுச் சமைத்த உணவைக் குறித்தது. இன்று கடைத்தெருவில் "கறி வாங்கி வா" என்றால் இறைச்சி. "காய்கறி வாங்கி வா" என்றால் கத்தரியும் வெண்டையும். மிளகு, இறைச்சி, காய் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் இட்டு வைத்திருக்கும் மொழி நம்முடையது. மொழியே ஒரு சட்டியில் இட்டதை நாம் பிரித்து வைக்க வேண்டுமோ?

இறைச்சியும் சோறும் சேர்ந்த உணவுக்கு ஊன்சோறு என்று பெயர். பாணர்க்கு அதைத் திரளையாக வழங்கிய செய்தி புறநானூற்றில் உண்டு. கரிகாலனின் விருந்தை உண்ட பொருநன், பல நாள் ஊன் தின்று தன் பற்கள் கொல்லை உழுத கொழுவைப்போல் மழுங்கின எனச் சொல்வதைப் பொருநராற்றுப்படையிற் காணலாம். ஆகவே இறைச்சி தமிழர் இலைக்குப் புதியதன்று.

இனி, வகை பல வேண்டும் என்பார்க்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நினைவூட்டுவோம். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் இல்லறம் புகுந்த பெண்ணொருத்தி முற்றிய தயிரைத் தன் கையாற் பிசைகிறாள். அக்கையைத் தான் உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிப் புளிச்சுவையுள்ள குழம்பு ஒன்றை ஆக்குகிறாள். கணவன் இனிதென உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அன்று அவள் ஆக்கியதாகப் புலவர் கூறுவது ஒரே ஒரு குழம்புதான். பொரியல் எங்கே, கூட்டு எங்கே என அவன் கேட்டதாகப் பாட்டில் இல்லை. இதில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. கண்ணில் ஏறிய புகையைப் புலவர் கண்டு எழுதினார். அப்புகையை நீக்க வழி காண, உலகுக்கு அதன்பின் நெடுங்காலம் வேண்டியிருந்தது.

நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோற்றைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அரிசி, பருப்பு, முருங்கை, கத்தரி, வாழைக்காய் எல்லாம் ஒரே பானையில் கூடி வேகும். அதை உண்டு வளர்ந்தவர் நம் காலனியிலேயே பலர் உளர்.

கடல் கடந்து வந்த காய்கள்

இன்று நாம் ஒரு சட்டியில் இடும் பொருள்கள் யாவை? இறைச்சி, வெங்காயம், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு. இவற்றுள் கடைசி மூன்றையும் கரிகாலன் கண்டதில்லை, இராசராசனும் கண்டதில்லை. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1492இல் கொலம்பசு அந்நிலத்தை அடைந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். அதன்பின் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாக மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்தது. உறைப்புக்கு அதுகாறும் மிளகையே நம்பியிருந்த நாம், வந்தவனுக்கு "மிளகாய்" என்று உறவுப் பெயர் சூட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். தக்காளிக்கோ, மணத்தக்காளியின் பெயரிலே பங்கு கொடுத்தோம். வங்கத்தார் அதற்கு "பிலாத்தி பேகுன்", அதாவது சீமைக் கத்தரிக்காய் எனப் பெயரிட்டனர்.

உருளைக்கிழங்கின் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலை. இன்று வங்கத்தில் அஃது இல்லாத அடுப்பே இல்லை. அயோத்தி எனப்பட்ட அவத் நாட்டின் கடைசி நவாபு வாஜித் அலி ஷா, ஆங்கிலேயரால் அரசிழந்து, 1856இல் கல்கத்தாவை அடைந்து மெட்டியாபுருசில் குடியேறினார். கல்கத்தாப் பிரியாணியில் உருளைக்கிழங்கு சேர்ந்தது அவர் சமையற்கட்டில்தான் என்பது வழிவழிச் செய்தி. இறைச்சிச் செலவைக் குறைக்கவே கிழங்கைச் சேர்த்தனர் என்பாரும், அக்காலத்தில் கிழங்கே புதுமைப் பண்டமாயிருந்தது என்பாரும் உளர். எதுவாயினும், நாடிழந்து வந்த ஓர் அரசரும், கடல் கடந்து வந்த ஒரு கிழங்கும் ஒரே சட்டியில் சந்தித்தனர் என்று கதை சொல்கிறது.

அன்பர்களே! பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நமக்கு இதில் ஓர் ஆறுதல் இல்லையா? நம் குழம்பின் உறைப்பும் புளிப்பும் திண்மையும் நம்மைப் போலவே வெளியூரினின்று வந்து இங்கே வேரூன்றியவை.

வங்கத்தில் நாம் கண்டது

1887இல் தோன்றிய பெங்கால் நாக்பூர் ரயில்வேயே நம் முன்னோரிற் பலரை இந்தக் கரக்பூருக்கு அழைத்து வந்தது. பட்டறையிலும் நிலையத்திலும் தெலுங்கர், வங்காளியர், ஒடியர், பீகாரியர், ஆங்கிலோ இந்தியர் எல்லாரும் ஒருங்கே உழைத்தனர். குவார்ட்டர்ஸ் சுவர் ஒன்றே. இரவு மணம் மட்டும் வேறு வேறு.

ஞாயிறன்று வங்காளியர் வீட்டில் "மாங்ஷேர் ஜோல்" கொதிக்கும். கடுகெண்ணெயைப் புகையக் காய்ச்சி, மஞ்சள் தடவிய உருளைக்கிழங்கைப் பாதிபாதியாய் வெட்டிச் சிவக்கப் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் ஆட்டிறைச்சியும் வதக்கி, நீர் விட்டுக் கிழங்கைத் திரும்ப இட்டு இறக்குவர். சட்டி ஒன்று, சோற்றுக்குத் தனிக் குழம்பும் வேண்டா, தொடுகறியும் வேண்டா. ஆங்கிலோ இந்தியர் வீட்டிலோ, முதல் நாள் சுட்ட இறைச்சியில் மிஞ்சியதை அரிந்து, வெங்காயமும் மிளகாயும் இட்டு ஒரே வாணலியில் புரட்டி "ஜால்பிரேசி" ஆக்குவர். ரயில்வே மட்டன் கறி என்று இன்று பெரிய ஓட்டல்களில் விலை கூறி விற்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அக்குழம்பின் காரத்தை, வெள்ளைக்காரப் பயணிகளின் நாவுக்கேற்பத் தேங்காய்ப்பாலோ தயிரோ விட்டு அடக்கினர் என்பர்.

இவற்றையெல்லாம் விட யாம் வியந்தது "இக்மிக் குக்கர்" என்னும் கருவி. மருத்துவம், சட்டம், தத்துவம் எனப் பல துறை பயின்ற இந்துமாதப் மல்லிக் என்னும் வங்க அறிஞர் 1910 அளவில் இதனை ஆக்கினார். புறத்தே ஓர் உருளைப் பாத்திரம். அகத்தே டிபன் கேரியர் போன்ற அடுக்குகள். அடியில் சிறிது நீர். அதன் கீழே கரி நெருப்பு. ஓர் அடுக்கில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய், ஒன்றில் இறைச்சி. மூடி வைத்துவிட்டு வெளியே போகலாம். நீராவியில் எல்லாம் வெந்திருக்கும். கரியும் தானே அவிந்திருக்கும். பூரி செகந்நாதர் கோயிலில் பானைமேல் பானை அடுக்கிச் சமைக்கும் முறையைக் கண்டே அவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். விடுதி மாணவரும், தனியே வாழ்ந்த குமாஸ்தாக்களும், பயணம் செல்வோரும் இதைப் போற்றினர். பாத்திரம் பலவாயினும் நெருப்பு ஒன்று, காவல் நிற்கும் வேலை இல்லை. சமைப்பவரின் நேரத்துக்கும் விலை உண்டு என்று எண்ணிய மனம் அது.

நீராவியும் அடுப்பும்

ரயில்வேக்காரர் மகிழத்தக்க செய்தி ஒன்றை ஈண்டுக் கூறுவோம். 1679இல் பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பேன் என்பவர் இலண்டனில், இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பையும் மெதுவாக்கும் கருவி ஒன்றை ஆக்கினார். ஆவி மிகுந்து பாத்திரம் வெடிக்காதிருக்க அவர் அமைத்த காப்பு வால்வே, பின்னாளில் நீராவிக் கொதிகலன்களுக்கும் துணையாயிற்று. அவரே 1690இல் நீராவியால் உந்துதண்டை அசைத்துக் காட்டினார். அப்படியாயின், நம் பாட்டன்மார் ஓட்டிய எஞ்சினுக்கும் நம் வீட்டுக் குக்கருக்கும் மூதாதை ஒருவரே! குக்கரின் சீட்டி, அடுப்பங்கரையில் ஒலிக்கும் எஞ்சின் ஊதல்தான்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தத்தால் ஏறத்தாழ 120 பாகை வரை செல்லும். இறைச்சித் தசைகளைப் பிணைக்கும் நார் அவ்வெப்பத்தில் விரைந்து கரையும். ஒன்றரை மணி நேரம் வேகும் ஆட்டிறைச்சி அரைமணிக்குள் வெந்துவிடுகிறது. 1959இல் நம் நாட்டில் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் ஆகிய இரண்டும் பிரஷர் குக்கர் தொழிலைத் தொடங்கின.

அடுப்பும் மாறியது. 1892இல் சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்டு ஆக்கிய பிரைமஸ் ஸ்டவ், மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கிப் புகையின்றி எரித்தது. 1965 அக்டோபர் 22இல் இண்டேன் எரிவாயுவின் முதல் இணைப்பு கல்கத்தாவில் வழங்கப்பட்டது. ஆனால் அது கல்கத்தாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

எம் அன்னையின் அடுப்பு

1980களில் எங்கள் குவார்ட்டர்ஸில் எரிந்தது கரி அடுப்பு. இரும்பு வாளியில் களிமண் பூசிச் செய்தது. கரித்தூளும் மண்ணும் பிசைந்து உருட்டிய "குல்" உருண்டைகளை அன்னையார் வெயிலில் காயவைப்பார். மாலை நான்கரைக்கு அடுப்பை முற்றத்தில் வைத்து மூட்டுவார். புகை அடங்கச் சிவந்த பிறகே உள்ளே தூக்கி வருவார். அதே நேரத்தில் அண்டை வீடுகளிலும் மூட்டுவதால், காலனி முழுதும் மூடுபனிபோல் புகை நிற்கும். பட்டறைச் சங்கு ஊதித் தந்தையார் வருமுன் சோறு வடிக்க வேண்டும், பின் குழம்பு, பின் பொரியல், பின் இரசம். அடுப்பு ஒன்று, ஆகவே ஒன்று இறங்கினால்தான் மற்றொன்று ஏறும். எட்டரை மணிக்கு அவர் நிமிர்வார்.

சங்கக் கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆண்டு விழா நாடகத்தின் வசனங்கள் ஒலிபெருக்கி வழியே அடுப்பங்கரைச் சாளரத்தில் வந்து விழும். அவற்றை மனப்பாடமாக அன்னையார் சொல்லுவார். "நாடகம் எனக்குக் காதால் தெரியும், கண்ணால் தெரியாது" என்று பின்னொருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பின் பொருள் எமக்கு அப்பொழுது விளங்கவில்லை. தந்தையாரோ நாங்களோ, "இன்று ஒரு குழம்பு போதும், நீங்களும் வாருங்கள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. இக்குறை வேறெவர் மீதும் சுமத்தத்தக்கதன்று, எம்முடையதே.

அடுப்புப் புகை கண்ணோடு நிற்பதில்லை. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. குறுந்தொகைப் பெண்ணின் கண்ணில் ஏறிய புகையை அழகென்று மட்டும் படித்துவிட்டோமே என்று எமக்கு இப்பொழுது தோன்றுகிறது.

இன்றைய இரவுக்கு ஒரு சட்டி

இனி, எம் இல்லத்தில் வேலை நாள் இரவுகளில் யாமும் மனைவியும் மாறி மாறிச் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவோம். நால்வருக்கு அரைக் கிலோ ஆட்டிறைச்சி, சிறு துண்டுகளாக. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு, கறிவேப்பிலை. அதன்மேல் இரண்டு பெரிய வெங்காயம். வெங்காயம் நன்கு சிவக்க வேண்டும். குழம்பின் நிறமும் சுவையும் பாதி அங்கேதான் பிறக்கின்றன. இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, பின் இறைச்சி. நீர் விடாமல் ஐந்து நிமிடம் புரட்டி, ஒரு தம்ளர் நீர் விட்டு மூட வேண்டும். சீட்டி வந்தபின் தீயைத் தணித்துப் பதினைந்து நிமிடம்.

இறைச்சி வேகும் அந்நேரத்தில் காய் அரியலாம். ஆவி அடங்கியபின் திறந்து, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் இட்டு மீண்டும் ஒரு சீட்டி. காயை முதலிலேயே இட்டால் குழைந்துவிடும். தக்காளியோ புளியோ கடைசியில்தான் சேர்க்க வேண்டும். புளி விட்டபின் காய் வேகாது என்று நம் பாட்டிமார் சொன்னது உண்மை. புளிப்பு காயின் நாரை இளகவிடாது. ஐந்து நிமிடம் திறந்தபடி கொதித்தால் குழம்பு திரளும். மிளகுப்பொடி தூவி இறக்கலாம். பக்கத்து அடுப்பில் சோறு வெந்திருக்கும். காலை மீந்த சப்பாத்தி இருந்தால் அதுவும் வேண்டா. முக்கால் மணி நேரம்; கழுவச் சட்டி ஒன்று. கோழியாயின் குக்கரும் வேண்டா. அகன்ற வாணலியில் மூடிபோட்டு அரைமணியில் முடியும்.

நிறைவாக

விருந்து நாளில் இலை நிறையப் பரிமாறுவதை யாம் குறை கூறவில்லை. பொங்கலும் தீபாவளியும் அதற்கென்றே உள்ளன. நாள்தோறும் இலை நிறைய வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒருவருடைய மாலைப் பொழுதை முழுதும் விலையாக வாங்குவதுதான் தவறு. அந்த மருமகளின் ஒரு சட்டியில் பழந்தமிழ் மிளகு உண்டு. அமெரிக்க மண்ணின் காய் உண்டு. வங்கத்துக் கைப்பக்குவம் உண்டு. நீராவியின் ஆற்றல் உண்டு. அதைத் தமிழ் வீட்டுச் சாப்பாடு என்று சொல்லலாமா எனக் கேட்ட பெரியவருக்கு எம் பணிவான விடை இதுவே: ஐயா, தாராளமாகச் சொல்லலாம். அன்றே எழுந்து இதைக் கூறாமைக்கு அம்மங்கையிடம் மன்னிப்பும் கோருகிறோம்.

இவ்வாண்டு விழாவன்று மாலை, சங்கத்து ஆண்மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் அந்த ஒரு சட்டியை ஏற்றி இறக்கிவிட்டு வருவோம் என்று செயற்குழுவில் யாம் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறோம். ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் எம் இல்லத்தில் அன்று குக்கர் எம் பொறுப்பு. எழுபதைக் கடந்த எம் அன்னையார் ஐந்தரை மணிக்கே கூடத்துக்கு வந்துவிடுவார். முதல் வரிசையில் அவர்க்கு ஓர் இடம் வைத்திருக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!